சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் ஒரு சிவப்புக் கோடு

2018 அக்டோபர் 14
இவாதானி, மேல்குடியிருப்பு

அதாச்சி ஹிசாயோ அவர்களுக்கு,

மலையில் மேப்பிள் இலைகள் பழுக்கத் தொடங்கிவிட்டன. விடியற்காலையில் மூச்சு புகையாகத் தெரிகிறது. ஹகோதாத்தேயில் இதற்குள் கணப்பை எடுத்து வைத்திருப்பீர்கள். நீங்களும் மகளும் நலமென்று நம்புகிறேன்.

நீங்கள் ஊரைவிட்டுப் போய் ஒன்பது வருடம் ஆகிறது. இத்தனை நாள் எழுதாமல் இருந்துவிட்டு, ஒரு வேலை வந்ததும் எழுதுகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்லியாக வேண்டும்.

மேல்குடியிருப்பிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு இப்போது பதினொரு பிள்ளைகள் போகிறார்கள். லாரி ஓடும் ரோட்டோரமாகத்தான் நடை. கல் குவாரி பெரிதானதிலிருந்து ஒரு நாளைக்கு நூறு லாரி. போன மாதம் இரண்டாம் வகுப்புச் சிறுமி சினத்சுவின் புத்தகப்பையில் ஒரு லாரியின் பக்கக் கண்ணாடி இடித்து, பிள்ளை வாய்க்காலில் போய் விழுந்தாள். முழங்கை சிராய்ப்போடு தப்பினாள். அடுத்த முறை அப்படி இருக்காது.

அதனால் நகராட்சி, மலை வழியாக இறங்கும் பழைய பொதுப் பாதையைப் பிள்ளைகளின் நடைபாதையாகச் சீர்செய்யத் திட்டம் போட்டிருக்கிறது. பழைய நில வரைபடத்தில் சிவப்புக் கோடாக இருக்கிறதே, அந்தப் பாதை. ஊர்ப் பாதைக் குழுவுக்கு இன்னும் நான்தான் தலைவன். வேறு யாரும் ஏற்க முன்வரவில்லை.

பாதையை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்கள் ஒன்பது பேர். எல்லோரும் எல்லையை ஒப்புக்கொண்டு, கையெழுத்தாக அவரவர் பெயரில் பதிந்த முத்திரையை வைக்க வேண்டும். எட்டுப் பேர் வைத்துவிட்டார்கள். திட்டப் பிரிவில் ஃபுகுமா என்று ஒரு பெண் அதிகாரி இருக்கிறாள். கறாரானவள். "மொரிவாகி சான், ஒன்பது முத்திரை இருந்தாத்தான் அது எல்லை. எட்டு இருந்தா வெறும் காகிதம்"னு முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். ஜனவரி 31-க்குள் முடியாவிட்டால் திட்டத்திலிருந்து எங்கள் பாதையை எடுத்துவிடுவார்கள். பிறகு எப்போது வருமோ தெரியாது.

உங்கள் முத்திரை வேண்டும். படிவங்களை இதோடு வைத்திருக்கிறேன். நேரில் வர வேண்டியதில்லை.

மொரிவாகி தெய்சோ


2018 அக்டோபர் 25
ஹகோதாத்தே

மொரிவாகி சான்,

மேப்பிள் இலையும் மூச்சுப் புகையும் எனக்கு வேண்டாம். காலை நாலு மணிக்கு எழுந்து மீன் சந்தையில் காய்ந்த கணவாய் விற்கிறவளுக்குப் பருவகால விசாரிப்பைப் படிக்க நேரமில்லை.

முத்திரை வைக்க மாட்டேன்.

காரணம் உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் "நேரில் வர வேண்டியதில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் ஒன்பது வருடமாக யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் வீட்டுக்குக் கீழே அந்தப் பாதையில், கீழிருந்து மூன்றாவது படியின் கட்டை உளுத்துப்போயிருந்தது. 2008 நவம்பரில் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சொன்னேன். நீங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, "சரி, ஏப்ரல்ல பாத்துக்கலாம்" என்றீர்கள். டிசம்பரில் வந்தேன். "எழுதி வெச்சிருக்கேன், ஏப்ரல்ல கண்டிப்பா." ஜனவரியில் வந்தேன். உங்கள் மனைவி தேநீர் கொடுத்தாள். நீங்கள் "ஏப்ரல்" என்றீர்கள்.

பிப்ரவரி மூன்றாம் தேதி என் வீட்டுக்காரர் நோபோரு அந்தப் படியில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. பத்தொன்பதாம் தேதி மருத்துவமனையில் நிமோனியாவில் போனார். ஏப்ரலில் நீங்கள் எல்லோரும் கூடிப் புதுக் கட்டை வைத்தீர்கள். நான் சமையலறையில் நின்றபடி சம்மட்டிச் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த இலையுதிர் காலத்தில் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன்.

அந்தப் பாதை புல் மண்டிக் கிடக்கட்டும். பிள்ளைகளுக்கு வழி வேண்டுமென்றால் லாரிக்காரனிடம் போய் முத்திரை கேளுங்கள்.

ஹிசாயோ


2018 நவம்பர் 6
இவாதானி

ஹிசாயோ சான்,

இந்த முறை பருவகால விசாரிப்பு இல்லை.

நீங்கள் எழுதியது ஒவ்வொன்றும் உண்மை. நவம்பர், டிசம்பர், ஜனவரி, மூன்று முறையும் நான் ஏப்ரல் என்றேன். குறிப்பேடு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் என் கையெழுத்தில் "மூன்றாம் படி, ஏப்ரல்" என்று இருக்கிறது. அந்தப் பக்கத்தை நான் கிழிக்கவில்லை, கிழிக்கவும் மாட்டேன்.

என்னை மன்னியுங்கள் என்று கேட்கவில்லை. கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் முத்திரையை மறுபடியும் கேட்கிறேன். நீங்கள் பத்து முறை மறுத்தாலும் பதினோராவது முறை கேட்பேன். பதினொரு பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆளுக்கு ஒரு முறை.

ஒன்று சொல்கிறேன். நோபோரு விழுந்த அந்தப் படிகளில் பிள்ளைகளை நடக்கவிடப் போவதில்லை. நகராட்சி சிவப்புக் கோட்டின் மேல்தான் வேலை செய்யும், அதைத் தாண்டி ஒரு கல்லைக்கூட வைக்காது. வரைபடத்தின் நகலை அனுப்புகிறேன். நீங்களே பாருங்கள்.

முழங்காலுக்கு அறுவை செய்யச் சொல்லி மருத்துவர் இரண்டு வருடமாகச் சொல்கிறார். பாதை முடியட்டும் என்று தள்ளிப்போட்டிருக்கிறேன். இதை அனுதாபத்துக்காக எழுதவில்லை. என்ன பிடிவாதக்காரனிடம் நீங்கள் மாட்டியிருக்கிறீர்கள் என்று தெரிய வேண்டுமே.

தெய்சோ


2018 நவம்பர் 17
ஹகோதாத்தே

மொரிவாகி சான்,

பிடிவாதத்தைப் பற்றி என்னிடம் சொல்லாதீர்கள். பேரம் பேசும் சுற்றுலாக்காரர்களை நாள் முழுக்கச் சமாளிக்கிறவள் நான்.

வரைபடத்தை மகளின் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். முதலில் தலைகீழாகப் பிடித்திருக்கிறேனோ என்று தோன்றியது. திருப்பிப் பார்த்தேன். மகளையும் கூப்பிட்டுக் காட்டினேன். "அம்மா, இது நம்ம சமையலறைக்குப் பின்னாடி இல்ல போகுது?" என்றாள் அவளும்.

சமையலறைக்கும் கல்சுவருக்கும் நடுவில் மூன்றடி இடுக்கு உண்டு. குப்பைச்செடி முளைக்கும். பாறைத் தரை, எத்தனை மழை பெய்தாலும் காய்ந்தே கிடக்கும். நான் முள்ளங்கியை உலர்த்தத் தொங்கவிட்ட இடம். அதுதான் ஊரின் பொதுப் பாதையா?

முப்பத்தோரு வருடம் அந்த ஜன்னலுக்கு முன்னால் நின்று சமைத்திருக்கிறேன். ஒரு முகம்கூட அந்த வழியாகப் போனதில்லை. எல்லோரும் கீழே ஈரச் சரிவில் சுற்றிக்கொண்டு போனார்கள். பேச்சுச் சத்தம் மட்டும் மேலே வரும். சிரிப்பு வரும். எங்கள் வீட்டை நெருங்கும்போது அதுவும் நின்றுவிடும். தாண்டியதும் மறுபடி ஆரம்பிக்கும்.

அது எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? கல்யாணமாகி வந்தபோது இருபத்து மூன்று வயது. என் வடக்கத்திப் பேச்சு யாருக்கும் புரியாது. கடைக்குப் போனால் இரண்டு முறை சொல்ல வேண்டும். ஊர் என்னை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டது, என் வாசனைகூட ஆகாமல் சுற்றிக்கொண்டு போகிறார்கள் என்று நினைத்தேன். நோபோருவிடம் கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று செய்தித்தாளைத் திருப்புவார். கேட்பதை நிறுத்திவிட்டேன். மேல்வழி என்று ஒன்று இருந்ததே எனக்குத் தெரியாது.

ஆகவே ஒரே ஒரு கேள்வி. சிவப்புக் கோடு என் ஜன்னலுக்குப் பின்னால் இருக்கும்போது ஊர் ஏன் கீழே நடந்தது?

ஹிசாயோ


2018 நவம்பர் 29
இவாதானி

ஹிசாயோ சான்,

முதல் பனி விழுந்துவிட்டது. உங்கள் வீட்டுக் கூரையில் ஓடு ஒன்று நகர்ந்திருந்தது. ஏணி வைத்துச் சரிசெய்தேன். பின்பக்க மழைநீர்க் குழாயில் இலை அடைத்திருந்தது, அதையும் எடுத்துப்போட்டேன். பனியின் பாரத்தில் வளைந்து நின்ற அந்தத் தேவதாருக் கிளையைக் கூரையில் விழாதபடி வெட்டிவிட்டேன்.

பாதை விஷயம். அது பழைய வரைபடம். நூறு வருடத்துக்கும் முன்னால், மெய்ஜி காலத்தில் கயிறு பிடித்து அளந்தது. கோடு அங்கே இங்கே இருக்கலாம். காலப்போக்கில் பாதைகள் இடம் மாறுவதுண்டு.

தெய்சோ


2018 டிசம்பர் 6
(தபால் அட்டை)

மொரிவாகி சான்,

என் வீட்டு மழைநீர்க் குழாய்க்கு நாலு வரி. என் கேள்விக்கு அரை வரி. சந்தையில் அழுகிய மீனை விற்கிறவன்தான் ஐஸ்கட்டியைப் பற்றி நிறையப் பேசுவான். உங்களுக்குத் தெரியும். சொல்லுங்கள்.

ஹிசாயோ


2018 டிசம்பர் 19
இவாதானி

ஹிசாயோ சான்,

எனக்குத் தெரியும். இதை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டு நாலாவது முறையாக எழுதுகிறேன்.

நீங்கள் 1977 நவம்பரில் கல்யாணமாகி வந்தீர்கள். அந்தக் குளிர்காலம் முழுக்கப் பனி மூடி மேல்வழியில் யாரும் நடக்கவில்லை. அடுத்த ஏப்ரலில் வழக்கம்போல ஊர்ப் பாதை வேலை நாள். வீட்டுக்கு ஒருவர், கையில் மண்வெட்டியோ அரிவாளோ. அப்போது குழுத் தலைவர் கியோகாமி ஐயா. எனக்கு இருபத்தெட்டு வயது. காட்டுவேலைக் கூட்டுறவில் இருந்ததால் மரக்கட்டை வேலையெல்லாம் என் தலையில்.

உங்கள் வீட்டுப் பின்பக்கம் வந்ததும் கியோகாமி ஐயா குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "புதுப் பொண்ணு தூர தேசத்துல இருந்து வந்திருக்கு. காலங்காத்தால அடுப்பு முன்னால நிக்கையில, வயலுக்குப் போறவன் ஒவ்வொருத்தனா உள்ளே பாத்துக்கிட்டே போனா அதுக்கு எப்படி இருக்கும்? கூச்சத்துல சோறு கரிஞ்சுபோகும்." எல்லோரும் சிரித்தோம். எல்லோருக்கும் சரி என்று பட்டது. அன்று மத்தியானமே கீழ்ச்சரிவில் பதினான்கு படி வெட்டினோம். கட்டைகளைச் செதுக்கியவன் நான். அன்று முதல் யாரும் மேல்வழியில் போகவில்லை. உங்கள் வீட்டை நெருங்கும்போது பேச்சை நிறுத்தியதும் அதற்குத்தான். உங்களைப் பற்றிப் பேசிக்கொண்டு போகிறோம் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்று.

உங்களிடம் யாரும் கேட்கவில்லை. கேட்பதே உங்களைக் கூச்சப்படுத்தும் என்று நினைத்தோம்.

நோபோரு அங்கேதான் இருந்தார். இடுப்பு வரை குனிந்து நன்றி சொன்னார். சாயங்காலம் எங்களுக்கு ஒரு பெரிய சாக்கே மது பாட்டில் கொண்டுவந்தார். "அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. தனக்காக ஊரே சுத்திப் போகுதுன்னு தெரிஞ்சா, பாரமாயிடும் அவளுக்கு" என்றார். நாங்களும் சொல்லவில்லை. நாற்பது வருடம் யாரும் சொல்லவில்லை.

இன்னும் இருக்கிறது. கீழ்ச்சரிவில் ஊற்று உண்டு என்று எனக்கு அன்றே தெரியும். மரம் தெரிந்தவனுக்கு மண் தெரியாதா? எந்தக் கட்டையும் அங்கே மூன்று வருடம் தாங்காது. வயதில் சின்னவன், பெரியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

நீங்கள் நவம்பரில் வந்து சொன்னபோது என் கொட்டகையில் செதுக்கிய கட்டை ஒன்று சும்மா கிடந்தது. அரை நாள் வேலை. ஆனால் ஊர்ப் பாதையில் ஒருவன் தனியாகக் கை வைப்பதில்லை. வைத்தால் மற்றவர்களைச் சோம்பேறிகள் என்று குத்திக்காட்டுவதாக ஆகிவிடும். அதற்குப் பயந்துதான் ஏப்ரல் என்றேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

சென்ற வருடம் ஃபுகுமா இந்த வரைபடத்தை என் முன்னால் விரித்து, "மொரிவாகி சான், இந்தக் கோட்டுல மனுஷக் காலே படலியே, ஏன்?" என்று கேட்டாள். அவளிடமும் மழுப்பினேன்.

பாதை மேல்வழிக்கே திரும்பினால் உங்கள் ஜன்னலுக்கு நேராக மூங்கில் தட்டி கட்டித் தருவதாக நகராட்சி சொல்கிறது. யாரும் உள்ளே பார்க்க முடியாது. நீங்கள் எப்போதாவது வீட்டுக்கு வந்தால் நிம்மதியாக இருக்கலாம்.

தெய்சோ


2019 ஜனவரி 15
இவாதானி

ஹிசாயோ சான்,

புத்தாண்டுக்கும் உங்களிடமிருந்து அட்டை வரவில்லை. வரும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. இன்னும் பதினாறு நாள் இருக்கிறது.

உங்களுக்குக் கடிதம் போட்ட மறுநாள் அரிவாளை எடுத்துக்கொண்டு மேல்வழிக்குப் போனேன். தனியாக. பொதுக் கோட்டுக்குள் மட்டும்தான் வெட்டினேன், உங்கள் பக்கம் ஒரு இலைகூடத் தொடவில்லை. முழங்கால் வலிக்கும்போது கல்சுவரில் உட்கார்ந்துகொள்வேன். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "என்ன மொரிவாகி சான், ஏப்ரல் வந்துடுச்சா? எங்க வீட்டு நாள்காட்டி தப்புப் போலிருக்கே" என்றார். நல்ல குத்தல். "என்னோடது பத்து வருஷம் லேட்டு"ன்னு பதில் சொன்னேன். அவர் தலையை வேலிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார். அப்புறம் வீட்டுக்குள் போய் மண்வெட்டியோடு வந்தார்.

நேற்று ஏழு பேர் இருந்தோம். புதருக்கு அடியில் பழைய கல்படிகள் கிடைத்தன. ஒன்றுகூட அசையவில்லை. கைத்தடி ஊன்றினாலும் வழுக்காத நல்ல கல். நாற்பது வருடமாக நாங்கள் இதை விட்டுவிட்டு ஈரத்தில் கட்டை புதைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

சினத்சுவின் அம்மா இந்த வாரமும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் போகிறாள். லாரி வந்தால் இரண்டு பேரும் பனிக்குவியலில் ஏறி நிற்கிறார்கள்.

முத்திரை வந்தாலும் வராவிட்டாலும் புதர் வெட்டுவதை நிறுத்தமாட்டேன். ஆனால் உங்கள் முத்திரை இல்லாமல் பிள்ளைகளை அங்கே நடக்கவிட முடியாது. அதனால் மூன்றாவது முறையாகக் கேட்கிறேன்.

தெய்சோ


2019 ஜனவரி 22
ஹகோதாத்தே

மொரிவாகி சான்,

உங்கள் டிசம்பர் கடிதத்தைப் படித்த அன்று கடைக்குப் போகவில்லை. கோபத்தில் மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. மகள் பயந்துவிட்டாள்.

யார்மேல் கோபம் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. உங்கள்மேல் இருக்கிறது, அது எங்கும் போகாது. கியோகாமி ஐயாமேல். அதைவிட நோபோருமேல். அந்த மனுஷன் முப்பத்தோரு வருடம் என் எதிரில் உட்கார்ந்து மூன்று வேளையும் சாப்பிட்டார். நான் இந்த ஊருக்கு வேண்டாதவளா என்று கேட்டு அழுதபோதுகூட வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பாரமாகிவிடுமாம்! ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே ஜன்னலைத் திறந்து, "எல்லாரும் இந்தப் பக்கமா வாங்க, ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போங்க" என்றிருப்பேன். நான் துறைமுகத்தில் வளர்ந்தவள். எங்கள் வீட்டில் கதவே சாத்தமாட்டார்கள். என் கூச்சத்தை என்னிடம் கேட்காமலேயே ஊர் முடிவு செய்துவிட்டது. அவரும் ஈரப் படியில் இறங்கி இறங்கி, கடைசியில் அதிலேயே விழுந்தார்.

புகைப்படத்துக்கு முன்னால் வைக்கும் சோற்றை அவருக்கு ஒரு வாரம் நிறுத்திவிட்டேன். எட்டாம் நாள் வைத்தேன். பசித்திருக்கும்.

இப்போது கேளுங்கள். முத்திரை வைக்கிறேன். ஆனால் மூங்கில் தட்டி வைக்கக் கூடாது. தட்டி இல்லை, வேலி இல்லை, மறைக்க ஒரு செடிகூட இல்லை. திட்டத்தில் அதை எழுத்தில் போடச் சொல்லுங்கள். தட்டி என்ற சொல் காகிதத்தில் இருந்தால் நான் முத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பிவிடுவேன்.

தபாலில் அனுப்பமாட்டேன். அளக்கும்போது நானே நிற்க வேண்டும். 30-ஆம் தேதி மத்தியானப் பேருந்தில் வருகிறேன். ஃபுகுமாவை டேப்போடு வரச் சொல்லுங்கள். நீங்களும் இருக்கலாம், ஆனால் பேச்சை எதிர்பார்க்காதீர்கள். முத்திரை வைக்கத்தான் வருகிறேன்.

ஹிசாயோ


2019 பிப்ரவரி 20
இவாதானி

ஹிசாயோ சான்,

திட்டம் ஏற்கப்பட்டது. காகிதத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். இரண்டாம் பக்கத்தில் "ஜன்னலுக்கு எதிரே மறைப்பு எதுவும் அமைக்கப்படாது" என்று இருக்கிறது. "இப்படி ஒரு வரியை என் உத்தியோகத்துல எழுதினதே இல்ல" என்றாள் ஃபுகுமா. கல்படிக்குக் கைப்பிடி போடும் வேலை மார்ச்சில் முடிந்துவிடும். ஏப்ரல் எட்டில் பள்ளி திறக்கும்போது பிள்ளைகள் நடக்கலாம்.

அன்று நீங்கள் சொன்னபடியே ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லைக்கல் நட்டதும் முத்திரை குத்தினீர்கள். பிறகு கீழே போய் மூன்றாம் படியருகே நின்றீர்கள். பனியில் உங்கள் கால் நனைவதைப் பார்த்துக்கொண்டு நானும் மேலேயே நின்றேன். குடையைக் கொண்டுவந்து தரலாமா என்று யோசித்தேன். தரவில்லை. அதுவும் கேட்காமல் செய்யும் உபசாரம் ஆகிவிடுமோ என்று தயக்கம்.

இப்போது கேட்டுவிடுகிறேன். கீழ்ச்சரிவுப் படிகள் உங்கள் நிலம். பதினான்கு கட்டைகளையும் நான் பிடுங்கிவிடலாமா, அல்லது அப்படியே கிடக்கட்டுமா? நீங்கள் சொல்வதைச் செய்கிறேன்.

மார்ச் இறுதியில் முழங்கால் அறுவை. மத்சுயே மருத்துவமனையில் ஐந்து வாரம் இருக்க வேண்டுமாம். ஏப்ரல் பாதை வேலை நாளுக்கு இருக்கமாட்டேன், நாற்பத்தாறு வருடத்தில் முதல் முறையாக.

தெய்சோ


2019 பிப்ரவரி 28
(தபால் அட்டை)

பிடுங்குங்கள். மூன்றாவது கட்டையை மட்டும் எனக்கு வையுங்கள். உங்களுக்குப் பதிலாகப் பாதை வேலைக்கு நான் வருகிறேன். எங்கள் வீட்டிலிருந்தும் ஒருவர் வர வேண்டுமே.

குடையைக் கொடுத்திருக்கலாம்.

ஹிசாயோ


2019 ஏப்ரல் 10
இவாதானி, மேல்குடியிருப்பு

மொரிவாகி தெய்சோ அவர்களுக்கு,

செர்ரிப் பூக்கள் உதிர ஆரம்பித்துவிட்டன. கல்சுவர் முழுக்க வெள்ளையாகக் கிடக்கிறது. முழங்கால் மடங்குகிறதா? செவிலிப் பெண்களை விரட்டாமல் சொன்னபடி கேளுங்கள்.

பார்த்தீர்களா, எனக்கும் பருவகால விசாரிப்பு எழுத வரும்.

ஐந்தாம் தேதியே வந்துவிட்டேன். இரண்டு நாள் தூசி தட்டவே சரியாக இருந்தது. மூன்றாவது கட்டையைச் சமையலறை வாசலில் போட்டிருக்கிறேன். உட்கார்ந்து முள்ளங்கி தோல் சீவ வசதியாக இருக்கிறது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை.

எட்டாம் தேதி. பள்ளியின் முதல் நாள். ஐந்து மணிக்கே எழுந்து மிசோ சூப் கொதிக்கவிட்டு, ஜன்னலை அகலத் திறந்துவைத்து, தலையை வாரிக்கொண்டு நின்றேன். அறுபத்து நாலு வயதில் பெண் பார்க்க வருகிறார்கள் என்று காத்திருப்பது மாதிரி.

ஏழு இருபதுக்கு, மேலே படியில் காலடிச் சத்தம் கேட்டது. சிரிப்பு, கூச்சல், யாரோ யாரையோ தள்ளிவிடும் சத்தம். நெருங்கி வந்தது. வீட்டு மூலையில் வந்ததும் சட்டென்று எல்லாம் அடங்கிவிட்டது.

பதினொரு பிள்ளைகளும் வரிசையாக வந்தார்கள். பதினொரு பேரும் முகத்தைக் கல்சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, வாயை இறுக மூடிக்கொண்டு, பூனைபோல நடந்தார்கள். என் ஜன்னலை ஒருவரும் பார்க்கவில்லை.

மறுபடியுமா என்று இருந்தது. ஒரு நிமிடம், ஜன்னலைச் சாத்திவிட்டு மத்தியானப் பேருந்தைப் பிடித்துவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

அப்புறம் கோபம் வந்தது. நல்லவேளை, வந்தது. கரண்டியை எடுத்துப் பாத்திரத்தில் ஓங்கி நாலு தட்டுத் தட்டினேன்.

"ஏய், நில்லுங்க! எல்லாரும் நில்லுங்க! அந்தச் சுவத்துல என்ன சினிமாவா ஓடுது?"

நின்றுவிட்டார்கள். ஆனாலும் திரும்பவில்லை. நடுவில் இருந்த ஒரு சின்னப் பெண் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அந்த வீட்டு ஜன்னலைப் பாக்கக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்க. பாத்தா உங்களுக்குத் தொந்தரவா இருக்குமாம்."

"உங்கம்மா என்கிட்ட கேட்டாங்களா?"

சுவரைப் பார்த்தபடியே தலையாட்டினாள். "இல்ல."

"அப்ப நீயாவது கேளு."

அவள் மெதுவாகக் கழுத்தை மட்டும் திருப்பினாள். முன்பல் இரண்டு இல்லை. புத்தகப்பையின் ஒரு வார் தைத்து ஒட்டுப்போட்டிருந்தது.

"பாத்தா தொந்தரவா இருக்குமா?"

"பாக்கலேன்னாத்தான் தொந்தரவு" என்றேன்.

ஒவ்வொன்றாகப் பதினொரு முகமும் திரும்பியது. சின்னப் பெண் கால்விரலில் எம்பி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "பாட்டி, சூப்புல என்ன போட்டிருக்கீங்க?" என்றாள். என்னை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. முள்ளங்கி என்றேன். "எனக்குப் பிடிக்காது" என்றாள். அவள் பெயர் சினத்சு என்று பெரிய பையன் சொன்னான்.

நேற்று பார்த்துக்கொண்டே வந்தார்கள். இன்று ஒருவன் வாயில் சோற்று உருண்டையோடு "காலை வணக்கம்" சொல்லி, பாதியைத் துப்பினான். சாயங்காலம் சினத்சுவின் அம்மா மன்னிப்புக் கேட்க வந்தாள். முன்வாசல் வழியாக, தலையைக் குனிந்துகொண்டு. "பின்பக்கமா திரும்ப வாங்க, அப்பத்தான் பேசுவேன்" என்று அனுப்பினேன். சுற்றிக்கொண்டு வந்து ஜன்னலுக்கு வெளியே நின்றாள். இரண்டு பேரும் இருட்டும்வரை பேசினோம். அவளும் வெளியூரிலிருந்து கல்யாணமாகி வந்தவளாம்.

மகள் ஹகோதாத்தேயிலிருந்து எப்போது திரும்புகிறாய் என்று தினமும் தொலைபேசியில் கேட்கிறாள். பாதை வேலை நாள் முடியட்டும், சொல்கிறேன் என்றிருக்கிறேன். மண்வெட்டி வாங்கிவிட்டேன்.

உங்கள்மேல் இருக்கும் கோபம் இன்னும் தீரவில்லை. அதை உங்கள் முகத்துக்கு நேரேதான் தீர்க்க வேண்டும், கடிதத்தில் முடியாது. ஆகவே முழங்கால் சரியானதும் வாருங்கள். ரோட்டு வழியாக வந்து முன்வாசலில் இருமிக்கொண்டு நிற்காதீர்கள். மேல்வழியாக, கல்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி வாருங்கள்.

சூப்பில் நாளையிலிருந்து உருளைக்கிழங்கு போடப்போகிறேன்.

ஹிசாயோ